விரல் நுனியில் ஒரு துளி: அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியர் முதலில் செய்வது என்ன?

(க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)

சென்ற நோன்பில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து எங்கள் வாப்பும்மா கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திடீரெனக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். எப்போதோ மௌத்தாகிப்போன தன் ராத்தாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார. நெற்றியெல்லாம் வியர்வை. சட்டை நனைந்துவிட்டது. நான் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். வாயின் ஒரு பக்கம் இலேசாகக் கோணியிருந்தது.

வீடு நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். "பாரிசவாதம்" என்றார் ஒருவர். "ஹார்ட் அட்டாக்" என்றார் மற்றொருவர். பக்கத்து வீட்டு மாமி சர்பத் கரைத்துக் கொண்டுவந்து வாயில் ஊற்றப் போனார், உம்மா தடுத்துவிட்டார். சாச்சா ஓட்டோவைக் கொண்டுவர, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டிலில் கிடத்தியதும் ஒரு தாதி வந்தார். வாப்பும்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். தோளைத் தட்டினார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கவனித்தார். "சீனி வருத்தம் இருக்கா? என்ன குளிசை குடிக்கிறாங்க? எப்ப குடிச்சாங்க? எத்தின மணிக்கு இப்பிடி ஆன?" என்று கேட்டுக்கொண்டே விரல் நுனியில் சிறு ஊசியால் குத்தி ஒரு துளி குருதி எடுத்தார். சாச்சாவுக்குப் பொறுக்கவில்லை. "மனிசி பேச்சு மூச்சில்லாமக் கிடக்கிறாங்க. ஊசி ஒண்ணு போடாம விரல்ல குத்திக்கிட்டு நிக்கிறீங்களே மிஸ்!" என்று சத்தம் போட்டார். தாதி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சில செக்கன்களில் கையிலிருந்த கருவியில் இலக்கம் விழுந்தது: 31.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. வைத்தியர் ஒரு சொல் சொன்னார். தாதி முழங்கை மடிப்பில் நரம்பு தேடி ஊசிக்குழாயைப் பொருத்தினார். பெரிய சிரிஞ்சில் பாகு போன்ற திரவத்தை மெதுவாக ஏற்றினார். சில நிமிடங்கள்தான் சென்றிருக்கும். வாப்பும்மா கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கஞ்சிய யாரு பாத்துக்கிற?" என்று கேட்டார்.

சாச்சா வெளியே போய் நின்றுகொண்டார்.

எங்கள் மாமியின் மகள் ஒருவர் இன்னோர் ஊரில் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தாதியாக வேலை செய்கிறார். பெருநாளுக்கு அவர் வந்தபோது இந்தக் கதையைச் சொல்லி, "ராத்தா, ஏன் முதல்ல விரல்ல குத்தின?" என்று கேட்டேன். அன்று பேச ஆரம்பித்தது இரண்டு நாட்கள் நீண்டது. அவர் விளக்கியவற்றையும், அதன்பின் நான் தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எமது உடலில் குருதி குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்வு. மூளை தனக்கு வேண்டிய சக்தியைப் பெரும்பாலும் குளுக்கோசிலிருந்தே பெறுகிறது. சேமித்து வைக்க அதனிடம் இடமில்லை. ஆகவே குளுக்கோசு குறையும்போது முதலில் தடுமாறுவது மூளைதான். உளறல், தலைசுற்றல், கோபம், வலிப்பு, மயக்கம் என்று அது பல உருவத்தில் வரும். சிலருக்கு ஒரு பக்கக் கையும் காலும் சோர்ந்து அச்சொட்டாகப் பாரிசவாதம் போலவே இருக்கும். மயங்கிக் கிடப்பவர் யாராயினும் முதல் சோதனைகளில் ஒன்றாகச் சீனி பார்ப்பது இதனால்தான். வேறு பல காரணங்களைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், மணித்தியாலங்கள் வேண்டும். இதற்கு ஒரு துளி போதும். கண்டுபிடித்தால் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். கவனிக்காமல் நீண்ட நேரம் விட்டால் மூளைக்கு ஏற்படும் சேதம் திரும்பாமலும் போகலாம்.

வாப்பும்மாவுக்கு ஏற்றியது 50 வீத டெக்ஸ்ட்ரோஸ். 50 மில்லிலீற்றரில் 25 கிராம் குளுக்கோசு இருக்கும். ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிச் சீனி. அவ்வளவு செறிவான திரவம் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசையும் தோலும் கெட்டுவிடும். தாதி பெரிய நரம்பாகத் தேடியதும், அவ்வளவு மெதுவாக ஏற்றியதும் அதற்காகவே. அந்த நேரத்தில் நாங்கள் அதையும் தாமதம் என்றுதான் நினைத்தோம்.

பக்கத்து வீட்டு மாமியின் சர்பத் உண்மையில் சரியான மருந்துதான். வழிதான் பிழை. நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போய்விடும். மாமி இதை வாசிப்பார் என்பதால் சொல்கிறேன், உங்கள் எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை மாமி.

ஏன் அப்படி ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். வாப்பும்மா கிளிக்லசைட் என்ற குளிசை குடிப்பவர். அது சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். அன்று நோன்பா, சாப்பாடு உண்டா என்பது குளிசைக்குத் தெரியாது. காலையில் குடிப்பதை அப்படியே சஹருக்கு மாற்றிக்கொண்டு, சஹரில் இரண்டு கவளத்தோடு எழும்பிவிட்டார். நோன்புக்கு முன்பே கிளினிக்கில் சொல்லியிருந்தால் அளவையும் நேரத்தையும் மாற்றித் தந்திருப்பார்கள். கேட்டால், "நோன்பு புடிக்க வேணாம்னு சொல்லிடுவாங்க" என்ற பயம். இந்தப் பயம் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நீரிழிவு உள்ளவர்களின் நோன்பு பற்றிய சர்வதேச வழிகாட்டல் தெளிவாக இருக்கிறது: 70இற்குக் கீழே போனாலும் 300இற்கு மேலே போனாலும் அந்த நோன்பைத் திறந்துவிட வேண்டும், மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தாலும் சரி. விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை என்பதே உலமாக்களின் பரவலான கருத்து.

எழும்பிப் பேசிய வாப்பும்மாவை அன்றிரவு வீட்டுக்கு விடவில்லை. அதற்கும் சாச்சா முணுமுணுத்தார். ஏற்றிய குளுக்கோசு சிறிது நேரத்தில் செலவாகிவிடும்; குளிசை உடலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். வயதானவர்களின் சிறுநீரகம் மெதுவாகவே மருந்தை வெளியேற்றுவதால் சீனி மறுபடியும் இறங்கலாம். இரவு முழுவதும் மணிக்கு மணி குத்திப் பார்த்தார்கள்.

"உங்கட ட்ரொலியில எத்தின மருந்து இருக்கு ராத்தா?" என்று கேட்டேன். நான் நூறு இருநூறு என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். "ஆள உடனே காப்பாத்துற மருந்து கொஞ்சம்தான் தங்கச்சி. எது, யாருக்கு, எந்த வழியில என்கிறதுதான் வேல" என்றார்.

அதற்கு அவர் சொன்ன உதாரணம் அதிரினலின். உயிரியல் பாடத்தில் அதிரினற் சுரப்பி, பயம், ஓட்டம் என்று நாம் மனனம் செய்கிற அதே ஓமோன்தான். சிறிய கண்ணாடிக் குப்பி. ஒரு மில்லிலீற்றருக்குள் ஒரு மில்லிகிராம். குளவி கொட்டியோ, பென்சிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளாமலோ ஒருவருக்கு உடல் முழுதும் தடித்து, தொண்டை இறுகி, குருதியமுக்கம் சடாரென்று விழும்போது அதில் பாதியை, அதாவது 0.5 மில்லிகிராமை, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். வளர்ந்தவர்களுக்கான அளவு இது. விரிந்துபோன குருதிக்கலன்களை அது சுருக்கும். இறுகிய சுவாசக் குழாய்களை விரிக்கும். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடலாம். நம் வீடுகளில் ஒவ்வாமை என்றதும் பிரிட்டோன் குளிசையைத் தேடுகிறோம். அது அரிப்பைக் குறைக்கும். விழுந்த குருதியமுக்கத்தை அதனால் தூக்க முடியாது. அதை நம்பி வீட்டில் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து.

இதே அதிரினலின், இதயம் நின்றுபோனவருக்கு முழு ஒரு மில்லிகிராமாக நரம்பில் போகும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நெஞ்சை அழுத்துவதை நிறுத்தாமலேயே. ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தசையில் போட வேண்டிய அந்த மருந்தைக் கரைக்காமல் நரம்பில் செலுத்திவிட்டால் இதயத்தின் ஒழுங்கே குலைந்துபோகலாம். மருந்து ஒன்று, குப்பி ஒன்று. வழி மாறினால் எல்லாம் மாறிவிடும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று தாதியர் பயிற்சியில் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்களாம். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுச்சாமத்தில், ஐந்து பேர் சுற்றி நின்று கத்தும்போது, குப்பியின் சிறிய எழுத்தை வாசித்து இன்னொரு தாதிக்கும் காட்டிவிட்டுப் போடுவது சாதாரணமல்ல. மருந்தைத் தீர்மானிப்பவர் வைத்தியர். அது உடலுக்குள் போகும் முன் கடைசியாகப் பார்க்கும் கண் தாதியுடையது.

அதிரினலினுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. அது எமது நாட்டோடு நெருங்கிய கதை. வயலிலும் சேனையிலும் பாம்பு தீண்டி வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் குதிரைக் குருதியிலிருந்து தயாராகிறது. உயிர் காக்கும் அந்த மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். இலங்கை ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. விஷமுறிவு மருந்தை ஏற்றுவதற்குச் சற்று முன் 0.25 மில்லிகிராம் அதிரினலினைத் தோலின் கீழ் போட்டால், முதல் மணித்தியாலத்தில் வரும் கடுமையான ஒவ்வாமை 43 வீதத்தால் குறைகிறது என்று அது காட்டியது. முன்கூட்டியே கொடுத்து வந்த மற்ற இரண்டு மருந்துகளால் அப்படிப் பயன் தெரியவில்லை.

பாம்புக் கடியில் தாதியர் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிதளவு குருதியை எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைக்கிறார்கள். பிறகு ஒருமுறை சரித்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். தண்ணீர் போல ஓடினால் விஷம் குருதியின் உறையும் தன்மையைக் குலைத்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி விரியனின் வேலை பெரும்பாலும் இதுதான். குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், பிளாஸ்டிக் சரிவராது. கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதலைத் தொடக்கிவைக்கிறது. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், மணிக்கூடு மட்டும் போதும். ஆனால் உடன் வந்தவர்கள் அந்த இருபது நிமிடத்தையும் "ஒண்டும் செய்யாம வெச்சிருக்காங்க" என்றே வெளியில் சொல்வார்கள். விஷமுறிவு மருந்து தேவைப்படாதவருக்கு அதைக் கொடுப்பது அவரைக் காரணமில்லாமல் ஆபத்தில் தள்ளுவது. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் கூன்மூக்கு விரியனின் விஷத்துக்கு அந்த இந்திய மருந்து வேலை செய்வதுமில்லை. தேவைப்படுபவருக்குக் கலக்கும்போதும் குப்பியைக் குலுக்கக் கூடாதாம், நுரைத்துவிடும். தூள் கரையும்வரை உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும்.

நெஞ்சு நோவோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சீ.ஜீ. எடுக்க வேண்டும் என்பது விதி. கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு என்று பத்து இடங்களில் ஒட்டுவார்கள். மாரடைப்பு என்று தெரிந்தால் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுப்பார்கள், அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து அல்லது வேறு சிகிச்சை தொடரும். முதல் ஈ.சீ.ஜீ. சரியாக இருந்தாலும் அனுப்பிவிடுவதில்லை. மீண்டும் எடுப்பார்கள், ட்ரோபொனின் என்ற குருதிச் சோதனையும் செய்வார்கள், அது உயரச் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு நோவாகவே வராமல் இருக்கலாம். மேல்வயிற்றில் எரிவு, மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு, வியர்வை. எங்கள் உம்மாமார் இதை "கேஸ்" என்று சொல்லி இஞ்சிப் பிளேன்டி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள்.

ஈ.சீ.ஜீ.க்கு நெஞ்சுப் பகுதியைத் திறக்க வேண்டும். இதில் நம் பெண்கள் தயங்குகிறார்கள் என்று ராத்தா சொன்னார். சிலர் சட்டைக்கு மேலால் எடுக்கச் சொல்கிறார்களாம். சிலருடைய கணவன்மார் பெண் தாதி வரும்வரை காத்திருக்கிறார்கள். திரையை இழுத்துவிட்டுப் பெண் தாதியைக் கொண்டு எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் செய்வார்கள். ஆனால் பெண் தாதி ஒருவரும் இல்லாத நேரமென்றால் ஈ.சீ.ஜீ. காத்திருக்கக் கூடாது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரித்தது ருபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில்தான் என்று படித்திருக்கிறோம். தாதி வேலைக்கு நம் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிக்கொண்டு, நம் பெண்களுக்குப் பெண் தாதியைக் கேட்பது எப்படிப் பொருந்தும் என்று ராத்தா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாரடைப்புக்கு உதவும் அதே அஸ்பிரின் பாரிசவாதத்தில் எதிரியாகலாம். மூளையில் குருதிக்கலன் அடைபட்டும் பாரிசவாதம் வரும், வெடித்தும் வரும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுதான், சீ.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வெடித்தவருக்கு அஸ்பிரின் கொடுத்தால் குருதிப் பெருக்கு கூடிவிடும். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எனவேதான் "கடைசியா எத்தின மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "காலையில இருந்து" என்ற பதில் போதாது. சுபஹு தொழும்போது நன்றாக இருந்தாரா, தேநீர்க் கோப்பையை எந்தக் கையால் பிடித்தார் என்றெல்லாம் யோசித்துச் சொல்ல வேண்டும்.

மூச்சுத் திணறலுக்கு ஒட்சிசனும் சல்பியூட்டமோல் நெபுலைசரும். இவை எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பழக்கமானவை, விட்டுவிடுகிறேன். விரலில் கவ்வும் ஒட்சிசன் மானி பற்றி மட்டும் ஒரு விடயம். அது நகத்தினூடாக ஒளியைச் செலுத்தி அளப்பது. கடும் நிற நகப்பூச்சும், கறுப்பாகப் பிடித்த மருதாணியும் அதைக் குழப்பிவிடலாம். செம்மருதாணியால் அவ்வளவு பாதிப்பில்லை. கலியாண வீட்டிலிருந்து நேரே வரும் பெண்களுக்குக் காது மடலில் மாட்டிப் பார்ப்பார்களாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ராத்தா ஒரே ஒரு பொருளைக் கேட்டார்: கிளினிக் கொப்பி. நினைவில்லாமல் வருபவரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நாம் சொல்வது மட்டுமே. "வெள்ளக் குளிசை ஒண்ணு, ரோஸ் குளிசை ஒண்ணு" என்பது பதிலல்ல. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, குருதி உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிறாரா, முன்பு மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றியிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒருமுறை ஏற்றியவருக்கு மறுபடி ஏற்றுவதில்லை. உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்திருக்கும். நாட்டு மருந்து, கடையில் வாங்கிய மருந்து எதுவானாலும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். தாதி ஏசுவாரோ என்று மறைப்பவர்கள் அதிகமாம்.

ஓட்டோ தேடி ஓடுவதற்கு முன் 1990ஐ அழைக்கலாம் என்பதும் அன்று எங்களுக்கு நினைவு வரவில்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்பியூலன்ஸ் இப்போது நாடு முழுவதும் இலவசமாக ஓடுகிறது. அதில் வருபவர்களிடமும் அந்த விரல் குத்தும் கருவி இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பதில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில், ஒரு பொலிதீன் பையில் தொங்குகிறது. முன்பக்கத்தில் குளிசைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சிறு போத்தலில் சீனி. நோன்பு நாட்களில் குளிசையை எப்போது குடிப்பது என்பதைக் கிளினிக்கில் கேட்டு மாற்றிக்கொண்டாயிற்று. விரலில் குத்தும் கருவியை வாங்கி வந்தது சாச்சாதான். வாரத்தில் இரண்டு தடவை வந்து தானே குத்திப் பார்க்கிறார். வாப்பும்மா ஒவ்வொரு தடவையும் "மெதுவா குத்துடா" என்கிறார்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று வாப்பாவிடம் சொன்னேன். இரவு வேலையெல்லாம் இருக்கிறதே, பார்ப்போம் என்றார். மறுநாள் ராத்தாவுக்குக் கோல் எடுத்து விடுதி வசதி எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.